ராணியம்மாள் டீச்சரின் கோட்டைக் கிணறு

சின்னப்பராஜை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ராஜப்பன் வாத்தியார் ஒருதலைப்பட்சமாக எழுதியிருக்கிறார் என்று பிறகு யாரும் மூக்கால் அழ வேண்டியதில்லை. ஒருதலைப்பட்சமாகத்தான் எழுதப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மொரப்பூர். பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் வேலை. ராணியம்மாள் அங்கே கணக்கு டீச்சர். முப்பது தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், குரலை உயர்த்தாதவர். குரலை உயர்த்தாதவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வந்ததே அவரால்தான். வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால் மற்றவர்களைப் போலக் காதைத் திருக மாட்டார். "மேல போடு" என்பார். தப்பைக் கடைசி வரி வரைக்கும் போட வைப்பார். அது எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அந்தப் பிள்ளையே பார்த்து அசடு வழிந்துகொண்டு உட்காரும்.

அவர் குடும்பம் பள்ளிக்குப் பக்கத்து ஊரில் விவசாயம் பார்த்த கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா காலத்துக் கிணறு ஒன்று, அதில் மூன்று பங்கு. திங்களும் செவ்வாயும் பெரியப்பா மகன் சின்னப்பராஜுக்கு. புதனும் வியாழனும் இன்னொரு பங்காளி பெரியநாயகத்துக்கு. வெள்ளியும் சனியும் ராணியம்மாளின் அப்பா சவுரியப்பனுக்கு. ஞாயிற்றுக்கிழமை யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது. பூசைக்குப் போகிற நாள், கிணறும் ஊறட்டும் என்று பெரியவர்கள் வைத்த முறை. எழுத்தில் ஒன்றும் கிடையாது, ஆனால் மூன்று வீட்டிலும் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எண்பத்தைந்தில் சவுரியப்பன் இறந்தார். முப்பதாம் நாள் பூசை முடிவதற்குள் வெள்ளிக்கிழமை மோட்டார் சத்தம் கேட்டது. தண்ணீர் சின்னப்பராஜின் கரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைக்கு ஒரு காவல் ஆள், பூட்டு வேறு. ராணியம்மாளின் அம்மா சாலம்மாள் போய்க் கேட்டதற்கு, "மம்முட்டி புடிக்க வூட்டுல ஆம்பள இல்ல, உங்களுக்கு எதுக்குச் சின்னம்மா தண்ணி?" என்றாராம். கேட்ட எனக்கே காது எரிந்தது.

சாலம்மாள் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லாமல் இலை கருகியது. புழு தட்டில் தலையைத் தூக்கித் தூக்கி இலை தேடும், பார்க்கச் சகிக்காது. இரண்டு தடவை வளர்த்த புழு அத்தனையும் அப்படியே செத்தது. அந்த அம்மாள் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினார். அடுத்த கோடையில் செடியையே வேரோடு பிடுங்க வேண்டியதாயிற்று.

விஷயம் பங்குச் சாமியாரிடம் போனது. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். சின்னப்பராஜ் நேரே அந்தோணியார் குருசடி என்கிற சின்னக் கோயிலுக்கு நடந்தார், எரிகிற மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தார், "அவங்க முறையில ஒரு சொட்டுத் தண்ணி நான் எடுத்தது கெடையாது" என்று சொல்லி ஊதி அணைத்தார். அதோடு முடிந்தது. அந்த ஊரில் அந்தோணியார் முன்னால் மெழுகுவர்த்தி அணைத்துச் சொன்ன வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. சொன்னவன் வாயாலேயே அது மாறினால்தான் உண்டு. மோட்டார் சத்தத்தை ஊரே கேட்டது, ஊரே வாயை மூடிக்கொண்டது. எனக்கு ஊர்க்காரர்கள் மேலும் கோபம் உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

ராணியம்மாளுக்கு வேண்டியது அந்த வெள்ளியும் சனியும். அதைவிட, சின்னப்பராஜ் வாயாலேயே அந்தச் சத்தியம் உடைய வேண்டும். வேறு எதுவும் அந்த டீச்சர் மனசில் இல்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்திருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். தேசப்படங்கள் சுருட்டி வைத்திருந்த அறையைக் காலி பண்ணி, ஜன்னலுக்குத் திரை போட்டு, செருப்பை வெளியே விட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சேலத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவர் ராணியம்மாள், அதனால் சாவி அவரிடம். வாரத்துக்கு ஒரு வகுப்பு பிள்ளைகளுக்கு. மற்ற சாயங்காலங்களில் அந்த மெஷின் சும்மா கிடந்தது.

ஒரு நாள் நான் வாலிபால் வலையை வைக்கப் போனபோது, டீச்சர் கிராஃப் தாள்களை ஒட்டித் தரையில் விரித்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் புளியங்கொட்டை, இன்னொரு பக்கம் ஆமணக்குக் கொட்டை. நடுவில் வட்டமாக ஒரு கிணறு.

"சார், நீங்க புளியங்கொட்டை. எதிர்க் கோட்டையப் புடிக்கணும். ஒரு தடவ நீங்க நகர்த்தோணும், ஒரு தடவ நான்" என்றார்.

எனக்கு விளையாட்டு என்றால் ஓடணும். எல்லாப் புளியங்கொட்டையையும் ஒரே மூச்சில் முன்னால் தள்ளினேன். பாதி வழியில் என் படை தாகத்தில் சுருண்டுவிட்டது. டீச்சர் ஆமணக்குக் கொட்டையை மெதுவாக நகர்த்தி என் கோட்டைக்குள் வைத்துவிட்டு, "இன்னொரு ஆட்டம் ஆடலாமுங்களா?" என்றார்.

அதுதான் கோட்டைக் கிணறு. இரண்டு ராஜாக்கள், இரண்டு கோட்டை, நடுவில் ஒரே கிணறு. ஒருவர் படையை நகர்த்தி முடித்த பிறகே அடுத்தவர் கை வைக்க முடியும். தண்ணீருக்கும் முறை உண்டு. தண்ணீர் காணாத படை இரண்டு சுற்றில் தளர்ந்துவிடும். ஏழாவது சுற்றில் யாருக்கும் தண்ணீர் கிடையாது, கிணறு ஊறும். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு ஒன்றும் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒரு விதி எனக்குப் புரியவில்லை. உன் முறை இல்லாதபோதும் தண்ணீர் எடுக்கலாம். மெஷின் கேட்கும்: இது உன் முறை இல்லை, எடுக்கலாமா? ஆமாம் என்றால் உன் படைக்கு உடனே தெம்பு வரும். ஆனால் எடுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு படைப்பிரிவைக் கிணற்றடியில் காவலுக்கு நிறுத்த வேண்டும். அந்தப் பிரிவு ஆட்டம் முடிகிற வரை அங்கேயிருந்து அசைய முடியாது.

"முறை இல்லைன்னா எடுக்க முடியாதுன்னு வெச்சுட்டாப் போச்சே டீச்சர்?" என்றேன்.

"தடுத்துட்டா எடுக்கறவங்க எப்படீங்க சார் எடுப்பாங்க?"

"காவல் எதுக்கு?"

"அடுத்தவங்களோடத எடுத்தவங்க காவல் போடாம இருக்க முடியுமுங்களா?" என்றார். எனக்கு மோட்டார் கொட்டகைப் பூட்டு ஞாபகம் வந்தது. அப்போதுதான் டீச்சர் என்ன கட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. உடனே ஒரு குஷியும் வந்தது.

கொட்டையில் ஆடியதை மெஷினுக்குள் ஏற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. எழுதியதை டேப் ரெக்கார்டர் கேசட்டில் பதிய வேண்டும். திரும்ப எடுக்கும்போது கீச்சுக் கீச்சென்று அது போடுகிற சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கும். பதிவதற்கு முன்னால் கரண்ட் போனால் அத்தனையும் போச்சு. ஒரு தடவை ஒரு வாரத்து வேலை அப்படிப் போனது. நானாக இருந்தால் அந்தப் பெட்டியை எட்டி உதைத்திருப்பேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.

மெஷினுக்குள் இடமும் பற்றவில்லை. மலை வைத்திருந்தார், எடுத்தார். யானைப்படை வைத்திருந்தார், அதையும் எடுத்தார். முரசுச் சத்தம் போனது, கொடி போனது. கடைசியில் கோட்டையும் கட்டங்களும் குட்டிக் குட்டி ஆட்களும் குதிரைகளும் கிணறும்தான் மிஞ்சியது.

"மெஷினுக்கு ஞாபகம் கம்மிங்க சார்" என்றார் ஒரு நாள். "எனக்கு அப்படி இல்லீங்க."

நான் ஒரு யோசனை சொன்னேன். முறை தப்பி எடுத்தவன் எப்படியும் தோற்கிற மாதிரி உள்ளே ஏதாவது செய்து வைத்துவிடுங்களேன் என்றேன். டீச்சருக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "அது திருட்டு. அவரு மெஷின் மேல பழியப் போட்டுட்டுப் போயிருவாரு. ஆட்டம் நேர்மையா இருக்கோணும். அவரு குணத்துலயே அவரு தோக்கோணும்" என்றார். அதற்காகவே என்னை வைத்து மாதக்கணக்கில் ஆடி ஆடி விதிகளைத் திருத்தினார். திருடினால் சில சுற்றுக்கு நன்றாகவே இருக்கும். ஒன்றிரண்டு தடவை திருடியவன் ஜெயிக்கவும் முடியும். திருட்டை விட முடியாதவன்தான் மாட்டுவான்.

பிள்ளைகளுக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் சோற்றை விழுங்கிவிட்டு அறை வாசலில் செருப்பு மலையாகக் குவியும். தர்மபுரியில் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துப் போனோம். நடுவர்களாக வந்த மூன்று பேரில் ஒருவர், பிள்ளைகளுக்குச் சண்டையைச் சொல்லித் தரலாமா என்றார். இன்னொருவர், இதில் பாடம் எங்கே இருக்கிறது என்றார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து ஆடித் தோற்றுவிட்டு எழுந்து போனார். ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் தந்தார்கள். முதல் பரிசு தெர்மாக்கோலில் செய்த எரிமலைக்கு. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய நடுவர்கள் தர்மபுரியில் இல்லை.

எண்பத்தேழு ஜூன். மழை பொய்த்த வருஷம். அந்தோணியார் திருவிழாவுக்குச் சுற்று ஊர்க்காரர்கள் எல்லாம் வருவார்கள், அன்று பள்ளியிலும் கண்காட்சி வைப்பது வழக்கம். திறந்து வைக்க யாரைக் கூப்பிடுவது என்று தலைமை சிஸ்டர் கேட்டபோது, ராணியம்மாள் தானே முன்வந்து, "எங்க அண்ணனையே கூப்பிடலாமுங்க சிஸ்டர், திருவிழாக் கமிட்டித் தலைவரு" என்றார். சிஸ்டருக்கு ஆச்சரியம். குடும்பப் பகை தீர்ந்ததே என்று சந்தோஷப்பட்டார்.

சின்னப்பராஜ் வெள்ளை வேட்டியும் பட்டுத் துண்டுமாக வந்தார், ரிப்பனை வெட்டினார். சாமியாரும் பெரியவர்களும் பெரியநாயகமும் பின்னால் வந்தார்கள். கம்ப்யூட்டரைக் கூட்டத்துக்காக ஹாலில் மேடை மேல் வைத்திருந்தோம்.

"அண்ணன் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டோணும்" என்றார் ராணியம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"எனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்?"

"நீங்க வாயில சொன்னாப் போதுமுங்க. நான் தட்டறேன்."

எதிராளி நான். முந்தின நாள் டீச்சர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவசரப்படாதீங்க சார், உங்க முறைக்கு மட்டும் எடுங்க. அவசரப்படாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

ஆட்டம் தொடங்கியது. சின்னப்பராஜ் கெட்டிக்காரர், நான் மறைக்க மாட்டேன். இரண்டே சுற்றில் கட்டத்தையும் படையையும் பிடித்துக்கொண்டு குதிரைகளை முன்னால் விட்டார். அவர் ஆட்கள் கிணற்றுப் பக்கம் போனதும் திரையில் கேள்வி வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்ததால் கூட்டத்துக்கு வாசிக்க வராது. ராணியம்மாள் உரக்க வாசித்தார்.

"இது உங்க முறை இல்லீங்க அண்ணே. எடுக்கலாமுங்களா?"

"எடு" என்றார் சின்னப்பராஜ்.

ஹாலில் சிலர் சிரித்தார்கள். டீச்சர் ஒரு பொத்தானைத் தட்டினார். ஒரு படைப்பிரிவு கிணற்றடியில் காவலுக்கு நின்றது. நான் என் படையை ஒரு கட்டம் நகர்த்தினேன். மறுபடியும் கேள்வி.

"இது உங்க முறை இல்லீங்க அண்ணே. எடுக்கலாமுங்களா?"

"எடும்மா. என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு?"

மூன்றாவது தடவை சிரிப்பு குறைந்தது. அதற்கடுத்த தடவை சிரிப்பே இல்லை. ராணியம்மாள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் சின்னப்பராஜ், "எடு" என்றார். என் குதிரைப்படை இரண்டை அடித்துத் துரத்தினார், உற்சாகத்தில் துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டம் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் சாலம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். ஏழாவது சுற்று வந்தது.

"கெணறு ஊற வேண்டிய நேரமுங்க அண்ணே. யாரும் எடுக்கக் கூடாதுங்க. எடுக்கலாமுங்களா?"

"எடு, எடு!"

யாரோ ஒரு கிழவர், "ஞாயித்துக்கெழமையுமா?" என்று முணுமுணுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ரொம்பச் சுலபம். அவர் படையில் பெரும்பாதி கிணற்றடியில் காவலுக்கு நின்றது. எல்லையில் ஆளே இல்லை. நான் திறந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அவர் கோட்டைக்குள் நுழைந்தேன். ஜெயித்தவன் நான்தான், ஆனால் ஒருத்தரும் எனக்குக் கை தட்டவில்லை.

சின்னப்பராஜ் முகம் சிவந்துவிட்டது. "இது என்ன ஆட்டம்? காவல் நிக்கறவன் அசையக் கூடாதாம்!"

"திருடாம இருந்திருந்தாக் காவல் வேண்டியதில்லீங்களே அண்ணே" என்றார் ராணியம்மாள்.

"யாரு திருடுனது? சும்மா கெடக்கற தண்ணிய எடுத்தா திருட்டா? எடுக்காம வுட்டுட்டு நிக்க நான் என்ன கேனயனா? அந்த வெள்ளி சனி நான் ஓட்டலைன்னா என் கரும்பு என்னத்துக்கு ஆவும்? பேசறாங்க பேச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றார். இரண்டு வருஷமாக வாயே திறக்காத பெரியநாயகம் எழுந்து நின்றார்.

"மெழுகுத்திரி அணைச்சுச் சொன்னியே சின்னப்பா" என்றார்.

சாமியார் எழுந்து வெளியே போனார். சப்பரத்துக்கு முதல் தோள் கொடுப்பது சின்னப்பராஜ் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை உரிமை. அன்று சாயங்காலம் அவர் தோளை வைக்கப் போனபோது மற்றவர்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை, தள்ளவில்லை. அவர் விலகுகிற வரை சும்மா நின்றார்கள். வேட்டு வெடித்துக்கொண்டிருந்த தெருவில் அவர் எதிர்த்திசையில் வீட்டுக்கு நடந்தார். நான் கண்குளிரப் பார்த்தேன். பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

அந்த வாரமே பெரியவர்கள் முன்னிலையில் மோட்டார் கொட்டகைச் சாவி சாலம்மாள் கைக்கு வந்தது. கோட்டைக் கிணற்றைப் பற்றி ஏரியூர் வரைக்கும் பேச்சு. அதை ஆடிப் பார்க்க வேண்டும் என்று வெற்றிலை வாயோடு பெரிய ஆட்கள் பள்ளி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்ததும், தலைமை சிஸ்டர் கேசட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பகை தீர்ந்தது என்று நம்பியவர் இல்லையா, அவருக்கு அந்தக் கோபம் நியாயம்தான்.

முதல் சனிக்கிழமை டீச்சர் என்னையும் கூப்பிட்டிருந்தார். அவர்கள் நிலத்தில் ஒரு பச்சை இல்லை. மல்பெரி பிடுங்கிய குழிகளும் வெடித்த மண்ணும்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் சின்னப்பராஜின் கரும்பு, இரண்டு நாள் தண்ணீரில் காலம் தள்ள முடியாமல் தோகை வெளுத்து நின்றது. ராணியம்மாள் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வந்து வெறும் மண்ணில் பாய்ந்தது. விதைப்பு இல்லை, நாற்று இல்லை, ஒன்றும் இல்லை. மண் குடித்துக்கொண்டே இருந்தது.

உச்சிப்பொழுதுக்குச் சின்னப்பராஜ் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"சின்னம்மா, வெறும் காட்டுக்குத் தானே பாயுது. ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் திருப்பி வுடுங்க. பயிரு காயுது" என்றார். கெஞ்சுகிற குரல். அந்த மனுஷனிடம் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சாலம்மாள் வாய்க்காலில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். சின்னப்பராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ராணியம்மாள் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரும்பைப் பார்த்தார். டீச்சர் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்த்துப் பழகிய இறுக்கம் தளர்ந்திருந்தது. "பயிரு என்னங்க சார் பண்ணுச்சு" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனார். வாய்க்காலைக் கரும்புப் பக்கம் திருப்ப, முதலில் மோட்டாரை நிறுத்தச் சுவிட்சில் கை வைத்தார்.

பின்னாலேயே சாலம்மாள் வந்தார். ஈரக் கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். இந்தக் கதையில் இதுவரை அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசி நான் எழுதவில்லை. அவர் பேசி நான் கேட்டதும் இல்லை.

"உனக்குத் தீந்துச்சா புள்ள?" என்றார். "எம் புழு தலையத் தூக்கித் தூக்கித் தேடுச்சு. எனக்குத் தீரல."

மகளின் கையைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டு, சாலம்மாள் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரைக்கும் மோட்டார் ஓடியது.